கூரை ஒழுக்கு: மழைக்கு முன்னர் கண்டுபிடித்து அடைப்போம்

மாரி மழை தொடங்க முன்னர் நாம் முடிக்க வேண்டிய வேலைகளில் கூரை பார்ப்பதும் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. அந்த நாட்களில் எமது கொட்டிலுக்குள் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், காணி உறுதி, அடையாள அட்டை, மாரி முடிய நடுவதற்கென்று கட்டித் தூக்கிய விதை வெங்காயம், சாக்கில் நெல். விதை நெல் நனைந்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், முளைதிறன் போய்விடும். ஒரு சிறு துவாரத்தால் அடுத்த போகமே கைவிட்டுப் போகலாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூரைகளில் ஒழுக்கு அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2008இல் வன்னியில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் வீட்டுத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றன. ஓரிடத்தில் அடித்துக் கழற்றி, மறுபடி வேறிடத்தில் அடித்த தகரத்தில் பழைய ஆணித் துவாரங்கள் நிறைய இருக்கும். அப்படிப்பட்ட பழைய தகரத்தை எவ்வாறு நம்பிக்கையான கூரையாக்குவது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

உள்ளே தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தாரைப் பூசிவிட்டு, அடுத்த மழைக்கும் சட்டி வைப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். தண்ணீர் துவாரத்தால் நுழைந்ததும் உடனே கீழே விழுவதில்லை. தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டியபடி, அல்லது சிலாகை, கைமரம் வழியாகச் சரிவில் ஓடி, ஓர் ஆணியிலோ மரக்கணுவிலோ தடைப்பட்ட பின்னரே சொட்டுகிறது. ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கி, மேல்நோக்கியே தேட வேண்டும். மரத்தில் உள்ள கறுத்த தடமும் கறள் கோடும் தண்ணீர் வந்த வழியைக் காட்டும்.

2. மூன்று வகையான சோதனை

(அ) வெளிச்சச் சோதனை: நல்ல வெயில் நேரத்தில் கதவு, யன்னல்களை மூடிவிட்டு உள்ளே நின்று மேலே பார்க்கவும். ஊசித் துவாரமும் நட்சத்திரம்போல் தெரியும். ஒவ்வொன்றையும் சுண்ணக்கட்டியால் அடையாளமிடவும்.

(ஆ) தண்ணீர்ச் சோதனை: ஒருவர் ஏணியில் நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்ற, மற்றவர் உள்ளே விளக்குடன் நிற்க வேண்டும். தாவாரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்லவும். ஒவ்வொரு வரிசையிலும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கவும். முதலிலேயே முகட்டில் ஊற்றினால் தண்ணீர் கூரை முழுவதும் ஓடும். எந்த இடம் ஒழுகுகிறதென்று அறிய முடியாது.

(இ) பனியா, ஒழுக்கா: மழையே இல்லாத குளிர்ந்த விடியற்காலையிலும் தகரம் சொட்டுவதுண்டு. தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் ஒரே சீராக ஈரமாயிருந்தால் அது வீட்டுக்குள் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து படிந்த நீர். அதற்குத் தார் உதவாது. முகட்டின் கீழ் காற்றுப் போக வழிவிட வேண்டும்.

3. முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஆணிகள்: ஆணி தகரத்தின் மேட்டு வரியில் இருக்க வேண்டும். பள்ள வரியில் தண்ணீர் ஓடுவதால் அங்கே அடித்த ஆணி ஒழுகியே தீரும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தகரம் ஆணியை மெல்ல மெல்ல இளக்கும். றப்பர் வோசரும் வெடிக்கும். இளகிய ஆணியை மேலும் அடித்து இறுக்கினால் தகரம் குழிந்து அவ்விடத்தில் தண்ணீர் தேங்கும். கழற்றிவிட்டு, சற்றுப் பருத்த ஆணியைப் புதிய வோசருடன் அடிக்கவும். சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வட்டத்தின் மேல் தட்டி நேராக்கிய சோடா மூடியை வைத்தால் றப்பருக்கு வெயில் படாது.

பொருத்துகள்: மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஆறு அங்குலமாவது படிய வேண்டும், சரிவு குறைந்த கூரைக்கு ஒன்பது அங்குலம் வேண்டும். பக்கப் பொருத்து ஒன்றரை வரியாவது இருக்கட்டும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், பக்கப் பொருத்தின் திறந்த விளிம்பு காற்றுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் காற்று மழையை உள்ளே தள்ளிவிடும்.

முகடும் சுவர் ஓரமும்: முகட்டுத் தகரம் இருபுறமும் போதிய அளவு இறங்கியுள்ளதா, கூரை சுவரில் முட்டும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவும்.

4. அடைக்கும் முறை

எதை அடைத்தாலும் வெளிப்புறமாகவே அடைக்க வேண்டும். உள்ளே இருந்து அடைத்தால் தண்ணீர் தகரத்துக்கும் அடைப்புக்கும் இடையில் தேங்கிக் கறளைப் பெருக்கும்.

சிறு துவாரம்: கம்பி பிறஸ்ஸால் கறளை நீக்கி, கழுவி, நன்றாகக் காயவிடவும். ஈரத்தின் மேல் எதுவும் ஒட்டாது. துவாரத்தைச் சுற்றி மூன்று அங்குலத்துக்குத் தார் பூசி, பழைய பருத்தித் துணியை அதில் பதித்து, அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சுப் பூசவும். காய்ச்சத் தேவையில்லாத தார்க்கலவை கிடைத்தால் அதுவே நல்லது. அடுப்பிலிருக்கும் தாரில் ஒருபோதும் மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம், தீப்பற்றும்.

பெரிய துவாரம்: வேறொரு தகரத் துண்டை வெட்டி வைக்கவும். துண்டின் மேல் விளிம்பு மேலுள்ள தகரத்தின் அடியில் செருகப்பட வேண்டும். மேலே திறந்திருந்தால் ஓடிவரும் தண்ணீர் துண்டின் அடியால் உள்ளே புகும்.

சீமெந்து: தகரத்தில் சீமெந்து பூச வேண்டாம். தகரம் விரிய அது வெடித்துக் கழன்றுவிடும்.

சிலிக்கன்: காடி மணம் வீசும் வகை தகரத்தின் நாகப்பூச்சை அரிக்கும், கடையில் அந்த மணம் இல்லாத வகையைக் கேட்டு வாங்கவும். சிலிக்கன் பூசிய இடத்தில் பின்னர் தார் ஒட்டாது. முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

கூரையை முழுதாகக் கழற்றி அடிப்பதானால், துவாரம் கூடிய தகர நுனியை மேற்பக்கமாக வைத்து, மேல் தகரத்தாலோ முகட்டுத் தகரத்தாலோ மூடிவிடலாம். காசு செலவில்லாத அடைப்பு இதுதான்.

5. கவனம்

தகரத்தின் நடுவில் கால் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நிற்கவும். மழைக்கோலம், இடி மின்னல் உள்ளபோது ஏற வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் சீற்றின் மேல் ஏறவே கூடாது. அது திடீரென உடையும். அதை வெட்டவோ உலர்ந்த நிலையில் சுரண்டவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் தங்கிக் கொடிய நோயைத் தரும்.

ஒழுக்கு அடைபடும் வரை நெல்லைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் முட்டாமல் வைக்கவும். விதை வெங்காயத்தைப் பொலித்தீனால் சுற்ற வேண்டாம், வியர்த்து அழுகும். காற்றோட்டமுள்ள, ஒழுகாத மூலைக்கு மாற்றிக் கட்டவும்.

குழுவாகக் கலந்துரையாட

• எமது குடியிருப்பில் எந்தெந்தக் கூரைகள் ஒழுகுகின்றன? பட்டியல் இடுவோம்.
• முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள், பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் ஆகியவற்றின் கூரைகளை யார், எந்த நாளில் பார்ப்பது?
• ஏணி, கம்பி பிறஸ், தார் ஆகியவற்றை எல்லோரும் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்த முடியுமா?
• முதல் மழையின் பின் கூரைகளை மீண்டும் பார்ப்பதற்கு இருவரைப் பொறுப்பாக்குவோம்.