நுரிகபே: எண்ணை விட்டுக் கறுப்பைப் பாருங்கள்

சுடோகு அலுத்துவிட்டது, அடுத்து எதைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நுரிகபே. சுடோகுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய ஜப்பானின் நிக்கோலி நிறுவனம்தான் 1991இல் இதையும் தன் இதழில் வெளியிட்டது. நுரிகபே என்பது ஜப்பானியக் கதைகளில் இரவில் வழிப்போக்கரை மறிக்கும் சுவர்ப்பேயின் பெயர்.

விதிகள் கொஞ்சம்தான். கட்டப் பலகையில் சில கட்டங்களில் மட்டும் எண்கள் இருக்கும்; மற்ற ஒவ்வொரு கட்டமும் வெள்ளையா கறுப்பா என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒவ்வோர் எண்ணும் ஒரு வெள்ளைத் தீவு. 4 என்றால், எண் இருக்கும் கட்டத்தையும் சேர்த்துப் பக்கம் பக்கமாக ஒட்டிய நான்கு கட்டங்கள். ஒரு தீவில் ஓர் எண்தான் இருக்கும். இரு தீவுகள் பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ ஒட்டக்கூடாது, மூலையில் தொட்டுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் கறுப்பு. கறுப்பு முழுவதும் ஒரே தொடராக இருக்கவேண்டும், ஆனால் எங்கும் இரண்டுக்கு இரண்டு சதுரமாகத் திரளக்கூடாது.

தொடக்கம் சுலபம். 1-ஐச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்பு. இரண்டு எண்களுக்கு நடுவே ஒரே கட்டம் இருந்தால் அது கறுப்பு. எண்கள் மூலைவிட்டமாக நின்றால், இரண்டையும் ஒட்டிய இரு கட்டங்களும் கறுப்பு. எந்த எண்ணாலும் எட்டமுடியாத கட்டமும் அப்படியே.

இதற்குப் பிறகுதான் பலர் திணறுகிறார்கள். தீவை எந்தப் பக்கம் நீட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். இடது மேல் மூலையில் 2 இருப்பதாக வையுங்கள். அது வலப்புறம் போகலாம், கீழேயும் போகலாம். எது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் தீவு அதோடு முடிகிறது, 2-க்கு மூலைவிட்டத்தில் உள்ள கட்டம் அதை ஒட்டி நிற்கிறது. ஆகவே அந்தக் கட்டம் கறுப்பு. தீவு முடிய ஒரு கட்டமே பாக்கி, போக இரண்டே வழி, அவை மூலைவிட்டமாக இருக்கின்றன என்றால் எங்கேயும் இதே கணக்குதான். இந்தப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்த நகர்வு இது.

அடுத்து, இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் மூன்று கட்டம் கறுத்துவிட்ட இடங்களைத் தேடுங்கள். நான்காவது வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும். அந்த வெள்ளை எந்த எண்ணுக்குச் சொந்தம்? 5-ஆல் நான்கு அடிவரை போகமுடியும், 3-ஆல் இரண்டு அடிதான். எட்டக்கூடிய எண் ஒன்றே ஒன்று என்றால், பாதையின் பெரும்பகுதி பல நேரம் உடனே தெரிந்துவிடும். கூடவே, வெள்ளைக்குள் அடைபடப்போகும் கறுப்புத் துண்டுகளையும் கவனியுங்கள். வெளியே வர ஒரே வாசல்தான் இருக்கிறதா? அந்த வாசலும் கறுப்பு.

முறையாக அமைத்த நுரிகபேக்கு ஒரே விடைதான். காரணம் சொல்லிச் சொல்லியே அதை அடையலாம். குருட்டாம்போக்கில் நிரப்பாதீர்கள். வெள்ளை என்று உறுதியான கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். முதலில் ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் பழகி, அவை தடையின்றி வந்த பிறகு பத்துக்குப் பத்துக்குப் போங்கள்.