தேன் கொழுப்பைக் கரைக்குமா?

காலையில் வெந்நீரில் தேன் கலந்து பருகின் உடற்கொழுப்புக் கரையும் என்பர் பலர். இதனை நாம் ஆராய்வாம். தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு சீனிச்சத்தே. ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறக்குறைய 64 கலோரி சத்தியைத் தரும். உடல் செலவிடாத சத்தியோ கொழுப்பாகச் சேமிக்கப்படும்.

எனின், தேனாற் பயனில்லையோ? உண்டு. 2022ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 18 பரிசோதனைகளின் முடிபுகளைத் தொகுத்து நோக்கினர். தேனுண்டோர் குருதியில் தீய கொலஸ்திரோலும் முக்கிளிசரைட்டும் குறைந்திருந்தன. ஆயின், அவர்கள் பெரும்பாலும் ஏனைய சீனியை அளவோடு உண்டோர் என்பது கருதத்தக்கது.

ஆதலின், மாணவர்காள், நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே: தேனைச் சீனிக்குப் பதிலாகக் கொள்க, சீனியோடு கூட்டற்க.