புறாத்தீவில் அரைநாள்

இலங்கையின் கீழ்கரையில் திருக்கோணமலை என்னும் பழம்பதி விளங்குகின்றது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலும், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய கடற்குடாவும் அந்நகருக்குப் பெருமை தருவன. நகரிலிருந்து கடலோரமாக வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் நிலாவெளி என்னும் ஊர் வரும். பெயருக்கேற்ப வெண்மணல் பரந்த ஊர் அது. அதன் கரையில் நின்று கடலை நோக்குவார்க்கு, ஒரு கிலோமீட்டர் தொலைவில், பாறையும் புதரும் மண்டிய சிறு தீவு ஒன்று தோன்றும். அதுவே புறாத்தீவு. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக உண்மையில் அவை இரண்டு தீவுகள். பெரிய தீவும் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமே உடையது. இத்துணைச் சிறு நிலத்தைக் காணவா நாடு பல கடந்து மக்கள் வருகின்றனர் என்று வியத்தல் வேண்டா. அவர்கள் காண வருவது தீவை அன்று. தீவைச் சூழ்ந்த நீரின் அடியில் பரந்து கிடக்கும் பவளப்பாறையையே.

தீவுக்குப் பெயர் தந்தது மாடப்புறா. மாடப்புறா என்று நாம் வழங்கினும், அப்பறவை இயல்பில் மாடத்துக்கு உரியதன்று. பாறைப் பிளவுகளே அதன் பிறந்தகம். மனிதன் கோபுரமும் மாடமும் எடுத்த பிறகு, அவற்றையும் பாறை எனக் கொண்டு அது குடிபுகுந்தது. புறாத்தீவிலோ அது தன் பழைய வீட்டிலேயே கூடுகட்டி வாழ்கின்றது. அயலவர் ஆட்சிக் காலத்தில் இத்தீவு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு இடமாயிற்று. பின்னர் 1963ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் கரையிலேயே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் கட்டணம் செலுத்தி அனுமதி பெறுதல் வேண்டும்.

செலவுக்கு ஏற்ற பொழுது காலை. வெயில் ஏறுமுன் காற்று அடங்கியிருக்கும். காற்று அடங்கினால் நீர் தெளியும். வள்ளம் என அவ்வூரார் வழங்கும் சிறு படகு, கண்ணாடியிழையாற் செய்யப்பட்டுப் பின்புறம் பொறி பூட்டப்பட்டது. அதில் ஆறு பேரோ எட்டுப் பேரோ அமரலாம். அதனை ஓட்டுவோர் பரதவர் மரபினர். தந்தையும் பாட்டனும் வலை வீசிய நீரிலேயே இன்று அவர்கள் விருந்தினரை ஏற்றிச் செல்கின்றனர். நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், எப்பாறை எங்கே மறைந்து கிடக்கும் என்பவை அவர்களுக்கு ஏட்டிற் கற்றவை அல்ல.

அத்தகைய வள்ளம் ஒன்றில், ஒரு வைகாசிக் காலையில், அறுவர் சென்றனர். தாய், தந்தை, மக்கள் இருவர் அடங்கிய குடும்பம் ஒன்று. வெளியூரிலிருந்து வந்த இளைஞர் இருவர். வள்ளத்தை ஓட்டியவர் முதியவர். பதினைந்து நிமிடத்திற்குள் தீவை அணுகியதும் அவர் பொறியை நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஒவ்வொருவர்க்கும் மிதவைச் சட்டை ஒன்றும், கண்ணாடி பதித்த முகமூடி ஒன்றும், வளைந்த குழல் ஒன்றும் கொடுத்தார். பின்பு தாம் ஒரு முகமூடியை எடுத்து, அதன் கண்ணாடியில் உமிழ்ந்து, விரலால் தேய்த்து, கடல்நீரில் அலசிக் காட்டினார். சிறுமி முகஞ் சுளித்தாள். ஆயினும் அது தேர்ந்த முறையே. மூச்சின் ஈரம் கண்ணாடியிற் பனித்துளியாய்ப் படியாதவாறு உமிழ்நீர் தடுக்கும். கடையில் விற்கும் மருந்தினும் இது கைகண்டது என்பது முதியவர் கொள்கை.

இக்குழலை ‘ஸ்நார்க்கல்’ என்பர். இச்சொல் செருமானிய மொழியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரிலே நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்குள் இருந்தபடியே காற்றை உள்ளிழுக்கும் நெடுங்குழாய்க்கு அப்பெயர் வழங்கிற்று. போருக்கென அமைந்த கருவியின் பெயர் மீன் பார்க்கும் குழலுக்கு ஆகியது நல்ல காலமே.

குழல் ஒரு முழத்தினும் குறைவான நீளமுடையது. இன்னும் நீளமாக இருந்தால் இன்னும் ஆழத்தில் இருந்தபடியே மூச்சு விடலாமே எனச் சிலர் எண்ணுவர். அது நடவாது. நீருக்கு எடை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில், உள்ளங்கையளவாகிய 10 சென்டிமீட்டர் சதுரத்தின் மேல், 10 கிலோ எடைக்கு ஒத்த அழுத்தம் தாக்கும். மார்பு முழுவதும் இவ்வாறு அழுத்தப்படும்போது, மேலிருந்து குழல்வழி வரும் காற்றை இழுத்து விரியும் வலிமை மனித மார்புக்கு இல்லை. அன்றியும், குழல் நீண்டால் வெளிவிட்ட கெட்ட காற்றே குழலுக்குள் தங்கி மீண்டும் உள்ளே வரும். ஆதலின் குழல் கொண்டு நீந்துவோர் நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தே கீழே நோக்குதல் வேண்டும்.

முகமூடிக்கும் காரணம் உண்டு. வெறுங்கண்ணால் நீருக்குள் நோக்கினால் எல்லாம் மங்கித் தோன்றும். காற்றிலிருந்து கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளி கருவிழியின் மேற்பரப்பிலே வளைகிறது. நீரிலிருந்து புகும்போது அவ்வாறு போதிய அளவு வளைவதில்லை. கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை அடைத்து வைத்தால் பார்வை தெளியும். ஆயின் ஒரு மயக்கமும் உடன்வரும். பொருள்கள் உள்ள தொலைவிற் கால் பங்கு குறைந்து அண்மையிலும், உள்ள அளவினும் மூன்றிலொரு பங்கு பெருத்தும் தோன்றும். புறாத்தீவிற் சுறா கண்டேன் என்று ஊர் திரும்பிக் கூறுவார் கைவிரித்துக் காட்டும் நீளத்தில் இக்கணக்கைக் கழித்துக்கொள்ளல் நலம்.

அறுவரும் நீரில் இறங்கினர். முதன்முறை முகத்தை நீருக்குள் வைத்து வாயால் மூச்சிழுத்தல் எளிதன்று. பிறந்த நாள் முதல் மூக்கால் மூச்சுவிட்ட உடம்பு, ‘நீருக்குள் மூச்சிழுக்காதே’ என்று தடுக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு குறுகும். அதனை வெல்லும் வழி, வெளியே விடும் மூச்சை மெல்ல நீட்டி விடுதலே. குழந்தைகள் விரைவிற் பழகினர். இளைஞருள் ஒருவர்க்கோ குழலில் உப்புநீர் புகுந்தது. அவர் இருமினார், தலையை உயர்த்தினார், கால் ஊன்ற இடம் தேடினார். அவர்க்குக் கீழே, மார்பளவு ஆழத்தில், பழுப்பு நிறமாய்க் கிளைத்துப் பரந்த பாறை ஒன்று இருந்தது.

“தம்பி, கால் ஊன்றாதீர்கள்! மல்லாந்து மிதவுங்கள்!” என்று முதியவர் குரல் கொடுத்தார்.

இளைஞர் மல்லாந்தார். மிதவைச் சட்டை அவரைத் தாங்கிற்று. வானத்தை நோக்கியபடி இரண்டொரு நிமிடம் கிடந்தபின் மூச்சு சீராயிற்று. முதியவர் நீரிற் குதித்து அவர் அருகே வந்து, “அது கல் இல்லை, தம்பி, உயிர். உங்கள் காலையும் அறுக்கும், தானும் சாகும்” என்றார்.

முதியவர் கூறியது முற்றும் உண்மை. பவளப்பாறை என்பது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. அவ்வுயிரைப் பவளப்பூச்சி என்பர். ஆனால் அது பூச்சியினம் அன்று. ஜெல்லிமீனுக்கு உறவாகிய மெல்லுயிர் அது. வாய் ஒன்று, அதனைச் சூழ்ந்த உணர்விரல்கள் சில, இவ்வளவே அதன் உருவம். கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்து அது தனக்கு அடித்தளம் அமைக்கும். முந்திய தலைமுறை கட்டியதன்மேல் பிந்திய தலைமுறை கட்டும். உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வன. மான்கொம்புபோற் கிளைப்பவை 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளர்தல் உண்டு. ஓர் ஆள் உயரமுள்ள உருண்டைப் பவளம், அதனைக் காண வருவோரின் பாட்டனுக்கும் பாட்டனுக்கு முன்னே பிறந்ததாகலாம். உயிர் உள்ளது மேற்புறத்தில் மெல்லிய தோலளவே. ஒருவர் காலூன்றி நிற்கும் ஒரு நொடியில் நசுங்குவது அத்தோலே.

சொல்லைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறல் தகும். துகிர் என்றும் பவளம் என்றும் பழந்தமிழ் நூல்கள் போற்றும் செம்மணி, இப்பாறையிலிருந்து எடுக்கப்பட்டதன்று. அணிகலனுக்கு ஆகும் செம்பவளம் மத்தியதரைக் கடல் போன்ற வேறு நீர்களில் வளரும் வேறோர் இனம். யவனர் கலங்கள் பவளம் கொணர்ந்தமை பண்டைக் கிரேக்க வணிகக் குறிப்பினாலும் தெரிகின்றது. உறவு பற்றிப் பெயர் பாறைக்கும் பரவிற்று. இலங்கைத் தமிழர் இப்பாறையை முருகைக்கல் என்பர். அதனை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய வழக்கம் இலங்கைக் கரையோரங்களிற் பலகாலம் நிலவியது. எனவே, செந்நிறம் எதிர்பார்த்துச் செல்வோர் பழுப்பும் பச்சையும் இளநீலமும் கண்டு ஏமாறுதல் வேண்டா. அந்நிறங்களே நலத்தின் அடையாளம்.

ஏனெனில், அவை பெரும்பாலும் பவளப்பூச்சியின் உடலுக்குள் வாழும் நுண்பாசியின் நிறங்கள். பாசி கதிரொளியால் உணவு சமைத்துப் பூச்சிக்கு ஊட்டும். பூச்சி பாசிக்கு இல்லம் தரும். நீரின் வெப்பம் கோடையின் வழக்கமான உச்சத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தால் இந்நட்பு முறியும். பூச்சி பாசியை வெளியேற்றிவிடும்; பவளம் வெளுத்து நிற்கும். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீளும். தணியாவிடின் பவளம் பட்டினியால் மடியும். 1998ஆம் ஆண்டில் இந்துமாக்கடல் எங்கும் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது. இலங்கையின் தென்மேற்கில் உள்ள இக்கடுவைப் பவளம் பெரும்பாலும் மடிந்தது. திருக்கோணமலைப் பக்கத்துப் பவளம் அம்முறை பிழைத்தது. அங்ஙனம் பிழைத்தமையாலேயே புறாத்தீவுக்கு மதிப்பு மிகுந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் அது தாங்கிற்று. 2009ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், நெடுநாள் வர இயலாதிருந்த மக்கள் திரளாக வரத் தொடங்கினர். கடல் வெப்பமும் பேரலையும் முன்னே அறிவித்து வருவன அல்ல. மனிதர் காலடியோ நாள்தோறும் வரிசையில் நின்று வருவது.

முதியவரின் இக்கட்டும் இதுவே. வருவோர் இல்லையேல் அவர் வீட்டில் அடுப்பெரியாது. வருவோர் பெருகிப் பாறையை மிதித்தால், சில ஆண்டில் வருவதற்குக் காரணமே இராது. ஆதலின் அவர் தம் வள்ளத்தில் ஏறுவோர்க்கு நீந்தக் கற்பிப்பதினும் நிற்காதிருக்கக் கற்பிப்பதில் மிகுந்த கருத்துடையவர். கால்துடுப்பு வேண்டும் என்று கேட்போர்க்கு அவர் எளிதில் அதனைக் கொடார். அதனைப் பழகாதவர் உதைக்கும் உதையில் கிளைப்பவளம் முறியும்.

மூச்சு சீராகப் பெற்ற இளைஞர் மீண்டும் குப்புற மிதந்தார். இப்போது அவர் கைகால்களை ஆட்டவில்லை. அசையாது கிடப்பவரை மீன்கள் அஞ்சுவதில்லை. முதலிற் கேட்டது ஓர் ஒலி: அரிசியைக் கொறிப்பது போன்ற நறநறப்பு. பச்சையும் நீலமும் கலந்த கிளிமீன்கள், கிளியலகு போன்ற பற்களாற் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்றுகொண்டிருந்தன. உடன்விழுங்கிய சுண்ணத்தை அவை அரைத்து வெண்பொடியாகக் கழிக்கும். தீவின் கரையில் மக்கள் துண்டு விரித்து அமரும் வெண்மணலில் ஒரு பங்கு இங்ஙனம் பிறந்ததே.

சற்று அப்பால், இடுப்பளவு நீரில், முதுகுச் சிறகின் நுனி கருத்த சுறாக்கள் இரண்டு கடந்து சென்றன. இவ்வினம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வளர்வது, கூச்சம் மிக்கது, மனிதரைக் கண்டால் விலகிப் போவது. குடும்பத்துத் தந்தை அஞ்சித் தம் மகனின் கையைப் பற்றினார். மகனோ அதனைப் பின்தொடர விரும்பினான். இரண்டும் வேண்டா என்று முதியவர் கையசைத்தார். துரத்துதல் ஆமைக்கு இன்னும் பெருந்தீங்கு. அழுங்காமை ஒன்று பவளத்தினடியில் மேய்ந்துகொண்டிருந்தது. நீரில் வாழினும் ஆமை நுரையீரல் உடையது. மூச்சுக்கு அது மேலே வந்தே ஆக வேண்டும். ஆமை எழும் வேளையில் பத்துப் பேர் அதன்மேற் சூழ்ந்து மிதந்தால், அது மூச்சு வாங்காமலே மீண்டும் கீழே போய்விடும். அறுவரும் விலகி நின்றனர். சிறிது நேரத்தில் அது எழுந்து, தலையை நீட்டி, ஒருமுறை மூச்செறிந்து, மீண்டும் இறங்கிற்று. சிறுமி குழலுக்குள் கூவிய கூச்சல் மேலே ஊதுகொம்பின் ஒலியாய்க் கேட்டது.

முதுகில் வெயில் சுட்டது. நீரில் கிடப்பார்க்கு வெப்பம் தெரியாது; மாலையில்தான் தோல் உரியும். இதற்கென்று பூசும் களிம்புகளுட் சிலவற்றின் மருந்து பவளத்துக்கு நஞ்சாகின்றது என ஆய்வுகள் காட்டியமையால், ஹவாய்த் தீவுகளில் 2021ஆம் ஆண்டு முதல் அவ்வகைக் களிம்பின் விற்பனை தடுக்கப்பட்டது. கைநீண்ட சட்டை அணிந்து இறங்குதலே எளிய வழி.

நண்பகலுக்கு முன்னே காற்று எழுந்து நீர் கலங்கிற்று. கரையில் கிடந்த பவளத்துண்டு ஒன்றைச் சிறுவன் கையில் எடுத்திருந்தான். இறந்த துண்டாயினும் அதனை வெளியே கொண்டுபோதல் பூங்கா விதிக்கு மாறு. ஏறுமுன் அவன் தாய் அதனை வாங்கி மணலில் வைத்தாள். அறுவரையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் நிலாவெளிக்குத் திரும்பியது.

சித்திரை முதல் புரட்டாசி வரை இக்கடல் இவ்வாறு இடங்கொடுக்கும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் அலை உயரும், நீர் சேறாகும். அப்போது வள்ளங்கள் தென்னையின் அடியில் ஏற்றிக் கவிழ்க்கப்படும். பொறிகள் கழற்றி வீட்டுக்குள் வைக்கப்படும். மீன் பிடிக்கக் காற்று இடந்தரும் நாட்களில் மட்டும் முதியவர் தம் வலையை எடுப்பார்.