மழைநாளில் மனம் தளராதிருக்க எளிய வழிகள்



மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. பட்டை நனைந்திருக்கும்போது உளி வைத்தால், பால் வெட்டுக்கோட்டை விட்டுப் பரவி வழிந்துவிடும். மங்கில் விழுகின்ற சிறிதளவு பாலும் மழைநீருடன் கலந்து வீணாகும். ஆண்டின் இறுதி மாதங்களில் இவ்வாறு வேலையற்ற நாட்கள் பல தோட்டங்களில் மிகுதியாகின்றன. மழை ஓய்ந்ததும் இலையுதிர் காலம் வந்து சேர்கிறது. மரம் இலைகளை உதிர்த்துத் தளிர் விடும் அவ்வாரங்களில் பால் குறைகிறது. பால் குறைந்தால் சம்பளமும் குறைகிறது.

இக்காலத்தில் குறைவது சம்பளம் மட்டுமன்று. வீட்டில் பேச்சுக் குறைகிறது, சிரிப்புக் குறைகிறது, உறக்கமும் கெடுகிறது. இதனைப் பலர் கவனிப்பதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே ஒருவர் மூன்று வாரங்களாகப் பிரட்டுக்கு வரவில்லை என்று கேள்வியுற்றோம். "சோம்பேறியாகிவிட்டார்" என்றார் ஒருவர். "ஏதோ காற்றுச் சேட்டை" என்றார் மற்றொருவர். அவருடைய துணைவியார் நம்மிடம் கூறிய சொற்கள் இவை: "அவர் சோம்பேறி இல்லைங்க ஐயா. இருபது வருஷமா பிரட்டுக்குத் தவறினதே இல்லை. இப்போ விடியற்காலம் மூணு மணிக்கே முழிச்சுக்கிட்டு இருட்டிலே உட்கார்ந்திருக்கார். சோறு வேணாங்கறார். பிள்ளைங்ககிட்டேகூட பேசறதில்லை."

அந்த அம்மையார் சொன்னதே சரி. அது சோம்பலுமன்று, காற்றுச் சேட்டையுமன்று. அதற்குப் பெயர் மனச்சோர்வு. அது எவருக்கும் வரக்கூடியது. சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100 பேருக்கு 4 முதல் 5 பேர், அஃதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். ஆதலால், இதனைப் பற்றி வெட்கமின்றிப் பேசுவதும், இயன்றவரை தடுத்துக்கொள்வதும் நம் கடமையாகும்.

மழைநாளில் நாம் இழப்பவை

ஒரு வேலைநாளை எண்ணிப் பாருங்கள். குறிப்பிட்ட நேரத்தில் எழுகிறோம். நிரையில் 400, 500 மரங்களைச் சுற்றி நடக்கிறோம், குனிகிறோம், நிமிர்கிறோம். பொழுது புலரும்போது வெளியில் இருக்கிறோம். பால் நிறுக்கும் இடத்தில் நால்வரைக் கண்டு பேசிச் சிரிக்கிறோம். ஒழுங்கான நேரம், உடலுக்கு உழைப்பு, காலை வெளிச்சம், மனிதர் கூட்டு ஆகிய இந்நான்கும் மனத்திற்கு மருந்துகள். நாம் அறியாமலேயே அன்றாடம் இவற்றை உண்டு வருகிறோம்.

மழை வந்ததும் நான்கும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. எழும் நேரம் மாறுகிறது, உடல் முடங்குகிறது, வீட்டின் இருட்டில் அமர்கிறோம், எவரையும் காண்பதில்லை. இவற்றோடு பணக்கவலையும் சேரும்போது மனம் தளர்வதில் வியப்பென்ன? ஆகவே, வேலை நின்றாலும் அந்நான்கு மருந்துகளை நிறுத்தாதிருப்பதே நாம் கற்க வேண்டிய பாடமாகும். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை.

1. எழும் நேரத்தை மாற்றாதீர்கள்

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்பதை அதுவே நடத்துகிறது. வேலைநாளில் நான்கரை மணிக்கும் ஓய்வுநாளில் பத்து மணிக்கும் எழுந்தால் அக்கடிகாரம் குழம்பிப்போகும். அதன் பின்னர் இரவில் உறக்கம் வருவதில்லை. பகலில் அயர்வு நீங்குவதில்லை. வேலையில்லாத நாளில் ஒரு மணி நேரம் தாமதித்து எழலாம். அதற்கு மேல் வேண்டா.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை. நான்கரை மணிக்கு எழுபவர் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் படுத்துவிட வேண்டும். பகலில் கண்ணயர்வது நல்லதே. ஆனால் அரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பிற்பகலில் பருகும் கடுங்கோப்பி பல மணி நேரம் உடலில் தங்கி உறக்கத்தைக் கெடுக்கும். படுக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவ்வாறே.

2. வெளிச்சத்திற்கு வாருங்கள், நடந்து பழகுங்கள்

காலை வெளிச்சம் கண்ணிற் படும்போதுதான் உடலின் கடிகாரம் தன்னைச் சரிசெய்து கொள்கிறது. மேகம் மூடிய நாளிலும் வெளியில் உள்ள வெளிச்சம், விளக்கெரியும் வீட்டிற்குள் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி. எனவே மழை விட்ட வேளையில் வெளியே வாருங்கள். மழை விடாவிட்டால் வாசலிலாவது அமர்ந்து பசியாறுங்கள்.

வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள் நடந்தால் அக்கணக்கு நிறைந்துவிடும். கோயில் வரை நடந்து திரும்பலாம். திடலில் இளைஞர்களுடன் பந்து விளையாடலாம். "மனம் சரியில்லையே, எப்படி நடப்பது?" என்று சிலர் கேட்பர். மனம் சரியான பின்னர் நடப்போம் என்று காத்திராதீர்கள். முதலில் கால் நடக்கட்டும். மனம் பின்னால் வரும்.

3. சிறு வேலை ஒன்றை முடியுங்கள்

சோர்ந்த மனத்திற்கு எல்லா வேலையும் மலைபோல் தோன்றும். ஆதலால் மலையைத் தொடாதீர்கள். ஒரு கல்லை மட்டும் நகர்த்துங்கள். வீட்டின் பின்புறத்தில் ஒரு பாத்தி கீரை போடலாம். உளியைத் தீட்டி வைக்கலாம். பிள்ளையின் பள்ளிக் காலணியைக் கழுவலாம். "இன்று ஒன்றை முடித்தேன்" என்னும் நிறைவு, மறுநாள் இரண்டாவதைச் செய்யத் தூண்டும்.

கீரைப் பாத்தியில் இரட்டைப் பயன் உண்டு. மண்ணைக் கிளறுவதும் முளை வருவதைக் காண்பதும் மனத்திற்கு அமைதி தரும். கீரையோ கறிக்கு ஆகும். முருங்கைக்கீரை, பயறு, பருப்பு, முட்டை, மத்தி மீன் ஆகியவை அதிக விலையின்றிக் கிடைக்கும் நல்லுணவுகள். பெண்கள் பலருக்கு இரத்தச்சோகையால் அயர்வும் எரிச்சலும் உண்டாகின்றன. அதனை மனக்குறை என்று எண்ணி வருந்துவாரும் உளர். சுகாதார கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். சோறு உண்டவுடன் தேநீர் பருகினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேராது. ஒரு மணி நேரம் கழித்துப் பருகுங்கள்.

4. மூச்சை மெல்ல விடுங்கள்

கவலை மிகும்போது நெஞ்சு படபடக்கும். மூச்சு மேலோட்டமாக ஓடும். அப்போது நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். இது கடனைத் தீர்க்காது. ஆனால் கடனைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்கும் நிலைக்கு நம்மைக் கொண்டுவரும்.

5. மனிதரை விட்டு விலகாதீர்கள்

சோர்வின் தீய குணம் யாதெனில், அது நம்மைத் தனிமைக்கு இழுக்கும். தனிமையோ சோர்வை மேலும் வளர்க்கும். முன்பு லயன்களில் ஒரு வீட்டின் துன்பம் அடுத்த வீட்டிற்குத் தெரிந்துவிடும். இன்று பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சிய வீடுகளிலும் கதவுகள் மூடியுள்ளன. ஆகவே நாமே முயன்று தேடிச் செல்ல வேண்டும். நாளுக்கு ஒருவரிடமாவது பத்து நிமிடம் பேசுங்கள்.

அடுத்தவர் சோர்ந்திருக்கக் கண்டால் அறிவுரை கூற விரையாதீர்கள். "உங்களுக்கு என்ன குறை? தைரியமாக இருங்கள்" என்பது உதவியன்று. "அண்ணே, வாங்க, கடை வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்பதே உதவி. அருகில் அமர்ந்து கேளுங்கள், அது போதும்.

6. மதுவை மருந்தென்று எண்ணாதீர்கள்

மழைநாளில் சிலர் சம்சுவை நாடுகின்றனர். குடித்த சில நாழிகை கவலை மறந்தது போலிருக்கும். பின்னிரவில் உறக்கம் கலையும். மறுநாள் மனம் முன்னிலும் தாழும். கையிலிருந்த சிறு பணமும் போய்விடும். கள்ளச் சாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருக்கக்கூடும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் அத்தகைய மதுவால் பலர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது.

ஓய்வும் உழைப்பே

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மரம் வெட்டுவதன் காரணத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். வடிந்த பாலை மரம் மீண்டும் ஊறச் செய்வதற்குக் காலம் வேண்டும். பேராசையால் நாள்தோறும் ஆழ வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அந்த மரத்தை எவரும் சோம்பேறி என்று ஏசுவதில்லை. வெட்டாமல் விட்டு ஓய்வு கொடுக்கின்றனர். மரத்திற்குக் காட்டும் அந்தப் பரிவை மனிதருக்கும், நமக்கு நாமேயும் காட்ட வேண்டாவா?

எளிய வழிகள் போதாதபோது

இவ்வழிகள் இலேசான சோர்வை நீக்கும். கடுமையான நோய்க்கு இவை துணை மட்டுமே. இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்திருந்தாலோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்றிப் போனாலோ, சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். காய்ச்சலைச் சொல்வது போலவே இதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வறுமையால் வந்த கவலையாயின் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் சமூக நல இலாகாவையும் நாடி உரிய உதவியைக் கேளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஹீல் தொலைபேசி எண் 15555-ஐ அழைக்கலாம். தாலியான் காசே எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு உடனடி ஆபத்தாயின் 999 எண்ணை அழையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் உதவி கேட்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பாராகுவாட் களைக்கொல்லி 1.1.2020 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எங்கேனும் எஞ்சியிருப்பின் நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். எந்த நச்சு மருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அன்பரைப் பற்றிக் கேட்பீர்கள். அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றவர் அதே லயத்தின் பக்கத்து வீட்டுக்காரர். முதலில் அவரைச் சோம்பேறி என்றவரும் அவரே. மருந்தும் ஆலோசனையும் பெற்று, மாலைதோறும் இருவரும் கோயில் வரை நடந்தனர். இரண்டு மாதங்களுக்குப் பின் நாம் மீண்டும் சென்றபோது அவர் பால் வாளியுடன் எதிரே வந்தார். முழுவதும் தேறிவிடவில்லை, ஆயினும் நின்று, "பசியாறியாச்சா ஐயா?" என்று கேட்டார். அவர் பிறரை நலம் விசாரிக்கத் தொடங்கியதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும்? குடும்பம், பிள்ளைகளின் கல்வி, சேமிப்பு ஆகிய சித்திரங்கள் அனைத்திற்கும் நம் உடலும் உள்ளமுமே சுவர். அதனைப் பேணுவோமாக.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வேலைநாளில் கிடைத்து, மழைநாளில் நின்றுவிடும் நான்கு மருந்துகள் யாவை?
2. நீங்கள் எழும் நேரத்தை நோக்கின், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும்?
3. அடுத்த மழைநாளில் நீங்கள் முடிக்கப்போகும் சிறு வேலை யாது?
4. உங்கள் லயத்தில் சில நாட்களாக வெளியே வராதவர் எவரேனும் உளரா? இன்று மாலை அவர் வீட்டுக்குச் செல்ல இயலுமா?