அரசுப் பணித் தேர்வும் மனநலமும்

அரசுப் பணி ஏற்பவரை இருவகையில் ஆராய்வது மரபு. அவருடைய முன்வரலாற்றைக் காவல்துறை விசாரிக்கும். உடல்நலத்தை மருத்துவர் சோதிப்பர். மந்தணக் கோப்பும் படைக்கலமும் கையாளும் பணிகளில் இவ்வாய்வு மேலும் கடுமையாகும். அது தேவையானதே. ஆயினும் மனநலம் குறித்து அது எதனை வினவ வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

மிகை உழைப்பாலோ பிற காரணத்தாலோ பதற்றநிலை உற்றதுண்டா, நெருங்கிய உறவினருக்கு மனநோய் இருந்ததுண்டா என்னும் வினாக்கள் மத்திய அரசுப் பணிக்கான மருத்துவப் படிவத்தில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. மறைத்தால் வேலை பறிபோகலாம் என்ற எச்சரிக்கையும் உடனிருந்தது. இதனைக் காணும் இளைஞர், மருத்துவரிடம் செல்லாதிருப்பதே நலம் என எண்ணுவர். நோயை அறியாதவர் நோயோடு பணியில் நுழைய, மருந்துண்டு தேறியவர் அஞ்சி நிற்பர். வினாவின் நோக்கம் வினாவாலேயே கெடுகிறது.

இச்சிக்கலை அமெரிக்க அரசும் கண்டது. போர்ப்பணியால் நேர்ந்த மனத்துயருக்குப் பெற்ற ஆலோசனையைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2008-இல் தன் பாதுகாப்பு ஆய்வுப் படிவத்தைத் திருத்தியது. 2016-இல் அவ்வினா மேலும் குறுக்கப்பட்டது.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, முன்னர்ச் சிகிச்சை பெற்றமை ஒன்றே ஒருவரை இன்று மனநோயாளர் எனத் தீர்மானிக்கப் போதாது என்கிறது. நோய்ச் செய்தியை மந்தணமாகக் காக்கும் உரிமையும் தருகிறது.

எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உற்ற மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை நீக்கியதோடு, தம் பணிக்குத் தகுதியற்றவராகக் காணப்பட்டால் ஊதியம் குறையாமல் மாற்றுப்பணி பெற அவர் உரியவர் என்றது. அப்பணியில் துப்பாக்கி கையாளும் பொறுப்பு இல்லாதவாறு அரசு பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. பாதுகாப்பும் காக்கப்பட்டது, மனிதரும் கைவிடப்படவில்லை.

ஆகவே, 'சிகிச்சை பெற்றாயா?' என்பதன்று, 'இன்று இப்பணியைச் செவ்வனே ஆற்ற இயலுமா?' என்பதே தக்க வினா என்பது நம் துணிபு. கிளியூர் அருவி சூழ்ந்த மலையூர்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் அரசுப் பணி நாடும் மாணவச் செல்வங்கள், உறக்கமின்றி வருந்துங்கால் தயங்காது மருத்துவரை நாடுக. 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். படிவத்தில் உண்மையையே எழுதுக. சமுதாயப் பெரியோரும் இதனை இழுக்கெனக் கருதி மறைக்கச் சொல்லாதிருப்பார்களாக. நோய்க்கு மருந்துண்பது குற்றமன்று. அது பொறுப்புணர்வின் அடையாளமே.