கிடங்கு வீடு வாங்கப் போகிறீர்களா?

லண்டனில் பழைய கிடங்குகளை வீடுகளாக மாற்றும் வேலையில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். வீடு பார்க்க வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "இந்தத் தரை தாங்குமா?" என்றுதான். அந்தக் கவலையே வேண்டாம். டவர் பிரிட்ஜுக்குக் கிழக்கே ஷாட் தேம்ஸ் தெருவில் இருக்கும் பட்லர்ஸ் வார்ஃப் 1873இல் கட்டி முடிந்தது. தேயிலைப் பெட்டிகளையும் மிளகு மூட்டைகளையும் அடுக்கி வைக்கவே போட்ட தளங்கள். உங்கள் சோபாவும் பீரோவும் அதற்கு எம்மாத்திரம்!

ஆனால் தளத்தைத் தாங்கும் மரம் மக்கியிருக்கலாம்; அதனால் நான் முதலில் தேடுவது, மர உத்தரம் செங்கல் சுவருக்குள் நுழையும் இடத்தை. மழை ஈரத்தைச் சுவர் குடித்துக்குடித்து, உள்ளே புதைந்த நுனி மக்கிப்போயிருக்கும். நடுப்பகுதியோ பளபளவென்று வார்னிஷோடு நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சில இடங்களில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். குளிருக்காக உட்புறச் சுவரில் வெப்பக்காப்புப் பலகை அடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. வீட்டுச் சூடு செங்கலுக்குப் போகாததால் சுவர் காய்வதில்லை. ஈரம் உத்தர நுனியிலேயே தங்கிவிடும். வெளிச்சுவரின் செங்கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் அடைத்திருந்தாலும் இதே கதிதான். பலகையைக் கழற்றி நுனியைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன்.

 

வார்ப்பிரும்புத் தூண்கள் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். வளைத்தால் முன்னறிவிப்பின்றி முறியும். பரண்தளம் வேண்டுமென்று தூணில் வெல்டிங் வைக்க யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பரண்தளம் தன் சொந்தக் கால்களில் நிற்கட்டும்.

மேல்வீட்டார் இருக்கும் மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பலகைத் தளத்தில் காலடிச் சத்தம் அப்படியே கீழே இறங்கும்.

கடைசியாகக் காகிதங்கள். இந்தக் கிடங்குகளில் பல, பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஜன்னல் சட்டத்தை மாற்றவும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும்; இல்லாமல் செய்வது இங்கிலாந்தில் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று வழக்கறிஞரை விட்டுக் கேளுங்கள். முந்தையவர் அனுமதியின்றி மாற்றியிருந்தாலும், பழையபடி ஆக்கச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும்.