எம் கையில் உள்ளது எது?

மெய்யியல் என்றதும் அது பெரிய படிப்புப் படித்தவர்களுக்குரியது என்று மாணவிகள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அடிமையாகப் பிறந்த ஒருவர் கற்பித்த மெய்யியலை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரின் தூண் மண்டபம் ஒன்றில் ஸீனோ என்பவர் பாடம் சொன்னார். அத்தகைய மண்டபத்தைக் கிரேக்கர் 'ஸ்டோவா' என்பர். அதனால் அவரது கொள்கைக்கு ஸ்டொயிக் மெய்யியல் என்று பெயர் வந்தது. ஏறத்தாழ 400 ஆண்டுகளின் பின் அதனை உரோமில் கற்பித்தவர்தான் அடிமைத்தளையில் இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ்.

அவரது அடிப்படைப் பாடம் எளிது. எமது தீர்மானமும் விருப்பமும் முயற்சியும் எம் வசத்தில் உள்ளவை. உடல்நலம், சொத்து, பதவி, பிறர் எம்மைப் பற்றிப் பேசுவது ஆகியன முழுமையாக எம் வசத்தில் இல்லாதவை. இரண்டையும் பிரித்தறியாதவர் வீணாகத் துன்பப்படுவார்.

வன்னி விவசாயிக்கு இது புதிதன்று. காலபோகத்துக்கு உழுவதும் விதைப்பதும் அவர் கையில் உண்டு; மழை இல்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் வரம்பைக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

"அப்படியானால் அநீதி நடந்தாலும் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசன் டொமிஷியன் மெய்யியலாளரை உரோமில் இருந்து வெளியேற்றினான். எபிக்டெட்டஸ் கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகருக்குச் சென்று அங்கே பாடசாலை தொடங்கினார். அரச கட்டளை அவர் கையில் இருக்கவில்லை; கற்பிப்பது இருந்தது.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எமது மக்களும் வீடு, வயல், கடை யாவற்றையும் விட்டுச் சென்றனர். ஆயினும் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களின் கீழ் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 2009இன் பின் நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் திரும்பி வந்து, பற்றை மூடிய காணிகளைத் துப்புரவாக்கினர். காணிக்கு விண்ணப்பிப்பதும் ஆவணங்களைத் தேடி எடுப்பதும் எம் கையில் உள்ள வேலைகள். ஆகவே பொறுமை என்பதற்கு உரிமையைக் கைவிடுவது என்று பொருள் கொள்ளக்கூடாது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஸ்லிம் மெய்யியலாளர் அல்-கிந்தி, துயரை அகற்றும் வழி பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கப்பல் கதை உண்டு. பயணிகள் இடையில் ஒரு கரையில் இறங்குகிறார்கள். வேலையை முடித்து உடனே திரும்பியவருக்கு நல்ல இடம் கிடைக்கிறது. பூவும் கல்லும் பொறுக்கிச் சுமந்து வந்தவருக்கு நெருக்கடியான இடமே மிஞ்சுகிறது, சுமையும் கவலையாகிறது. எபிக்டெட்டஸும் இத்தகைய உவமையைக் கூறியிருக்கிறார்.

மாணவிகளே, பரீட்சைப் பயம் வரும்போது கொப்பியில் நடுவே ஒரு கோடு போடுங்கள். வினாத்தாள் கடினமாக வருமா, வெட்டுப்புள்ளி என்ன என்பவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். இன்று படிக்கவேண்டிய அலகை மறுபக்கம் எழுதி, அதைத் தொடங்குங்கள். மற்றதை அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வரும் நாளில் எத்தனை 'ஏ' என்று கேட்குமுன், பிள்ளை எடுத்த முயற்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை உங்கள் வசத்தில் உள்ளது.